போனுக்குள் ஒரு கறுப்புத் திரை: டெர்மினல் ஆப்ஸ், கூகுளின் புதிய பூட்டு... நமக்கு என்ன பாதிப்பு?

ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போட்டோ 50 கேபி-க்குள் இருக்க வேண்டும் என்கிறது தளம். போன் கேமரா எடுத்த போட்டோவோ 4 எம்பி. கடைசித் தேதி இன்றுதான். என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோர் செய்வது இதுதான்: 'போட்டோ சைஸ் குறைக்க' என்று கூகுளில் தேடி, முதலில் வந்து நிற்கும் ஏதோ ஒரு தளத்தில் போட்டோவை அப்லோட் செய்வது. போட்டோவோடு போனால்கூடப் பரவாயில்லை. அடுத்து ஆதார் பிடிஎஃப், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பேங்க் ஸ்டேட்மென்ட் என எல்லாமே அதே வழியில்தான் போகின்றன. அந்தத் தளத்தை நடத்துவது யார், நம்ம ஃபைலை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இருப்பதில்லை.

இதே வேலையை, ஃபைல் உங்கள் போனைவிட்டு ஓர் அடிகூட வெளியே போகாமல், ஒற்றை வரியில் முடிக்கலாம். அதற்கு உதவுவது டெர்மினல். கறுப்புத் திரை, அதில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. சினிமாவில் ஹேக்கர்கள் முன்னால் பச்சை எழுத்துகளாக ஓடுமே, அதேதான். அதை ஸ்மார்ட்போனிலேயே ஓட்டுவது பல வருடங்களாகவே சாத்தியம். உலகம் முழுக்க மாணவர்களும் ஐ.டி ஊழியர்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது அதைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025-ல் கூகுள் இரண்டு காரியங்கள் செய்தது. மார்ச் மாதம், தன் பிக்ஸல் போன்களில் தானே ஒரு லினக்ஸ் டெர்மினலைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் மாதம், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்ஸ் இன்ஸ்டால் செய்வதற்குப் புதிய கட்டுப்பாடு வருகிறது என்று அறிவித்தது. ஒரு கையால் கதவைத் திறந்து, இன்னொரு கையால் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு தேடுவதுபோல இருந்தது அது. இந்தப் பூட்டால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய ஆப்ஸ் வரிசையில், இத்தனை வருடமாக போன் டெர்மினல் என்றாலே எல்லோரும் சொல்லும் டெர்மக்ஸும் இருக்கிறது.

சரி, முதலில் இருந்து பார்ப்போம்.

டெர்மினலில் அப்படி என்னதான் செய்யலாம்?

நாம் போனைப் பயன்படுத்துவது பட்டன்களைத் தொட்டு. எந்த பட்டன் இருக்க வேண்டும் என்பதை ஆப் செய்தவர் முடிவுசெய்திருப்பார். அவர் வைக்காத பட்டன் நமக்குக் கிடையாது. டெர்மினலில் பட்டனே இல்லை. வேண்டியதை எழுத்தில் சொல்ல வேண்டும். 'இந்த ஃபோல்டரில் இருக்கும் 300 போட்டோவையும் 50 கேபி-க்குள் சுருக்கு' என்பதை இமேஜ்மேஜிக் என்ற கருவிக்கு ஒரு கட்டளையாக எழுதினால், அது வேலையை முடித்துவிட்டு அமைதியாக அடுத்த வரிக்கு வந்து நிற்கும். விளம்பரம் இல்லை, 'ப்ரீமியம் வாங்குங்கள்' இல்லை, வாட்டர்மார்க் இல்லை.

பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் பிடிஎஃப்-இல் இருக்கும் பாஸ்வேர்டை நீக்க வேண்டும் என்றால் கியூபிடிஎஃப். கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் போகும் அளவுக்குச் சுருக்க வேண்டும் என்றால் எஃப்எஃப்எம்பெக். 'வீடியோ கன்வெர்ட்டர்' என்ற பெயரில் வரும் பல ஆப்களின் உள்ளே ஓடுவதும் பெரும்பாலும் இதே எஃப்எஃப்எம்பெக்தான். மேலே பட்டனும் விளம்பரமும் ஒட்டியிருப்பார்கள், அவ்ளோதான்.

ஐ.டி-யில் இருப்பவர்களுக்கு இதன் அருமை வேறு மாதிரி புரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பேருந்தில் செங்கல்பட்டைத் தாண்டியதும் ஆபீஸிலிருந்து போன்: 'சர்வர் டவுன்.' லேப்டாப் லக்கேஜ் பெட்டிக்குள் இருக்கிறது. போனில் டெர்மினல் இருந்தால் எஸ்எஸ்எச் மூலம் சர்வருக்குள் போய், லாக் பார்த்து, நின்றுபோன சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தூங்கலாம். ஆபீஸ் விதிகள் அதை அனுமதிக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமானவர்கள், கம்ப்யூட்டரே இல்லாதவர்கள். மத்திய அரசின் 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவிகிதத்திடமும், நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவிகிதத்திடமும்தான் கம்ப்யூட்டர் இருந்தது. 2025-ல் வெளியான இன்னொரு அரசு ஆய்வில், குறைந்தது ஒரு ஸ்மார்ட்போனாவது இருக்கும் குடும்பங்கள் 85.5 சதவிகிதம். இரண்டும் வெவ்வேறு வருடக் கணக்குகள். நேரடியாகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் படம் தெளிவாகவே இருக்கிறது. நம் ஊரில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரும் ஒரே கம்ப்யூட்டரும் போன்தான். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்ததும் இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான். அது கைக்கு வரும்வரை, அல்லது அந்தப் பட்டியலில் வராதவர்களுக்கு, பைத்தான் கற்றுக்கொள்ள, 'கிட்' பழக, ஒரு சின்ன வெப்சைட்டை ஓட்டிப் பார்க்க, கையில் இருக்கும் 10,000 ரூபாய் போனே கதி. அதில் டெர்மினல் ஓடுமா ஓடாதா என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

டெர்மக்ஸ்... பிளே ஸ்டோரில் என்ன ஆனது?

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதாவது சூப்பர் கம்ப்யூட்டர்களிலும், இணையத்தைத் தாங்கும் பெரும்பாலான சர்வர்களிலும் இருக்கும் அதே அஸ்திவாரம். ஆனால் மேலே கூகுள் கட்டிய வீடு முற்றிலும் வேறு. சாதாரண லினக்ஸுக்காகத் தயாரித்த புரோகிராமைக் கொண்டுவந்து ஆண்ட்ராய்டில் போட்டால் அப்படியே ஓடாது. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் ஃபோர்ன்வால் தொடங்கிய டெர்மக்ஸ், 2015 முதல் இந்த வேலையைத்தான் செய்கிறது: லினக்ஸ் உலகின் கருவிகளை ஆண்ட்ராய்டுக்குத் தோதாக மாற்றி, கேட்டால் இறக்கித் தருகிறது. போனை 'ரூட்' செய்ய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 7 இருந்தாலே போதும், காசும் கிடையாது. மேலே சொன்ன இமேஜ்மேஜிக், கியூபிடிஎஃப், எஃப்எஃப்எம்பெக் எல்லாமே அதில் கிடைக்கும்.

சிக்கல் 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது ஆரம்பித்தது. ஓர் ஆப், தான் எழுதக்கூடிய இடத்தில் ஒரு ஃபைலை வைத்து, அதே ஃபைலை புரோகிராமாக ஓட்டக் கூடாது என்று கூகுள் விதி போட்டது. கேட்பதற்கு நுணுக்கமான விஷயமாகத் தெரியலாம். காரணம் நியாயமானதுதான். டார்ச் லைட் ஆப் ஒன்று ஸ்டோர் பரிசோதனையின்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, உங்கள் போனுக்கு வந்த பிறகு வெளியிலிருந்து ஏதோ ஒரு கள்ளப் புரோகிராமை இறக்கி ஓட்டினால் யார் பிடிப்பது? அதைத் தடுக்கும் விதி இது. ஆனால் டெர்மக்ஸின் மொத்தப் பிழைப்பே வெளியிலிருந்து புரோகிராமை இறக்கி ஓட்டுவதுதான்! திருடனுக்குப் போட்ட வலையில் தபால்காரரும் சிக்கினார்.

இந்த விதி, ஆண்ட்ராய்டு 10-க்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்ட ஆப்களுக்கு மட்டும்தான். பழைய கணக்கிலேயே இருக்கும் ஆப்களுக்கு இல்லை. எனவே டெர்மக்ஸ் பழைய கணக்கிலேயே இருந்துகொண்டது. ஆனால் 2020 நவம்பர் முதல், அப்டேட் போடும் எல்லா ஆப்களும் புதிய கணக்குக்கு வந்தாக வேண்டும் என்று பிளே ஸ்டோர் சொல்லிவிட்டது. அத்தோடு அங்கே டெர்மக்ஸ் அப்டேட் நின்றது. அந்தப் பழைய பதிப்பை பிளே ஸ்டோரில் இருந்து இறக்கிவிட்டு, 'ஒண்ணுமே இன்ஸ்டால் ஆகல' என்று யூடியூப் கமென்ட்டில் புலம்பியவர்கள் ஏராளம். 2024-ல் பிளே ஸ்டோருக்கென்றே மாற்றியமைத்த ஒரு பதிப்பு திரும்ப வந்தது என்றாலும், அது இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது. முழுமையான டெர்மக்ஸ் வேண்டும் என்றால் எஃப்-ட்ராய்டு என்ற திறமூல ஆப் களஞ்சியத்திலோ, கிட்ஹப் தளத்திலோதான் எடுக்க வேண்டும். அதாவது, பிளே ஸ்டோருக்கு வெளியே.

ஆண்ட்ராய்டு 12 இன்னொரு இடியைக் கொடுத்தது. பின்னணியில் ஆப்கள் பெற்றுப்போடும் குட்டி புராசஸ்கள் போன் முழுக்க 32-க்கு மேல் போனால், உபரியைச் சிஸ்டமே கொன்றுவிடும். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக வந்த ஏற்பாடு. டெர்மினலில் பெரிய வேலை ஓட்டிக்கொண்டிருந்தால், பாதியில் 'சிக்னல் 9' என்ற வரி மட்டும் திரையில் மிஞ்சியிருக்கும். ஆண்ட்ராய்டு 14-லிருந்து டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இதை அணைக்க ஒரு சுவிட்ச் தந்திருக்கிறார்கள். 12, 13 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கேபிளை மாட்டித்தான் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் இல்லை என்பதால்தானே போனில் டெர்மினல் ஓட்டுகிறார்கள் என்று கேட்டால், பதில் இல்லை.

கூகுளே தரும் டெர்மினல் எப்படி?

2025 மார்ச் அப்டேட்டில் பிக்ஸல் போன்களுக்கு வந்தது வேறு ரகம். இது போனுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரையே உருவாக்குகிறது. தொழில்நுட்ப வழக்கில் 'விர்ச்சுவல் மெஷின்'. டெபியன் என்ற முழு லினக்ஸ் அதற்குள் தனி கெர்னலோடு ஓடும். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்' என்பதை ஆன் செய்தால் டெர்மினல் ஆப் தோன்றும். முதல் முறை 500 எம்பி-க்கு மேல் டவுன்லோட் ஆகும். வைஃபை இருக்கும் இடத்தில் செய்வது நல்லது.

பாதுகாப்பு என்று பார்த்தால் இது டெர்மக்ஸைவிட ஒரு படி மேல். உள்ளே நீங்கள் என்ன கூத்தடித்தாலும், அந்த மாய கம்ப்யூட்டர்தான் கெடும். போனின் கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் எதையும் அது நேரடியாகத் தொட முடியாது. கெட்டுப்போனால் அழித்துவிட்டு, புதிதாக ஆரம்பிக்கலாம். டெர்மக்ஸில் போனின் ஸ்டோரேஜுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, 'ஆர்.எம்' என்ற அழிக்கும் கட்டளையைத் தப்பான ஃபோல்டரில் அடித்தால், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ உட்பட எல்லாம் காலி. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. ரீசைக்கிள் பின்னும் கிடையாது.

ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. போனின் சிப், இப்படி விர்ச்சுவல் மெஷின் ஓட்ட வசதி தர வேண்டும். போன் நிறுவனமும் அதைத் திறந்துவிட வேண்டும். நம் ஊரில் அதிகம் விற்கும் பட்ஜெட் போன்களில் இந்த வசதியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ரேமையும் நிறையக் கேட்கும். இன்னொரு உள்ளூர்த் தலைவலியும் உண்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால், சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கின்றன. டெர்மினல் வேண்டும் என்றால் டீக்கடையில் பணம் அனுப்ப முடியாது, பணம் அனுப்ப வேண்டும் என்றால் டெர்மினலை மூட வேண்டும் என்ற நிலை, தினசரிப் பயன்பாட்டுக்குச் சரிவராது.

ஐபோன் வைத்திருப்பவர்கள்?

அவர்கள் கதை சுருக்கமானது. ஐஎஸ்எச், ஏ-ஷெல் என்ற ஆப்கள் ஆப் ஸ்டோரிலேயே இருக்கின்றன. ஐஎஸ்எச், ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸை ஒரு எமுலேட்டருக்குள் ஓட்டுகிறது. 2020 அக்டோபரில் அது ஸ்டோருக்கு வந்த சில நாட்களிலேயே, 'வெளியிலிருந்து புரோகிராமை இறக்கி ஓட்டுகிறது' என்று சொல்லி நீக்கப்போவதாக ஆப்பிள் எச்சரித்தது. ஆப் செய்தவர்கள் போராடியதும் முடிவை மாற்றிக்கொண்டது. வேகம் குறைவு, கற்றுக்கொள்ளவும், சர்வருக்குள் போய்வரவும் போதும். ஆப்பிள் உலகில் ஸ்டோருக்கு வெளியே போகும் வழி ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களில் மட்டும், அதுவும் சட்டம் போட்டு வற்புறுத்திய பிறகு திறந்தது. இந்தியாவில் இல்லை. ஆகவே ஐபோன்காரர்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இருக்கிறது.

சரி, அந்தப் புதிய பூட்டு என்ன?

2025 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்ததன் சாரம் இது: சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில், அதாவது கூகுள் சேவைகளோடு வரும் கிட்டத்தட்ட எல்லா போன்களிலும், இனி ஓர் ஆப் இன்ஸ்டால் ஆக வேண்டும் என்றால் அதைச் செய்தவர் தன் அடையாளத்தை கூகுளிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். ஆப் பிளே ஸ்டோரில் இருந்து வந்தாலும் சரி, வேறு எங்கிருந்து வந்தாலும் சரி. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடக்கம். மற்ற நாடுகளுக்கு 2027 முதல் படிப்படியாக. இந்தியா அந்த 'மற்ற' பட்டியலில்தான் வருகிறது.

இதற்கு கூகுள் சொல்லும் காரணத்தை நம் ஊர்க்காரர்களால் சட்டென்று மறுத்துவிட முடியாது. இணையத்தில் கண்ட இடங்களிலிருந்து இன்ஸ்டால் ஆகும் ஆப்களில், பிளே ஸ்டோரைவிட 50 மடங்கு அதிகமாக மால்வேர் இருப்பதாக அது கூறுகிறது. வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று வந்த ஏபிகே ஃபைலைத் தொட்டவர்கள், 'டிராஃபிக் சலான் பாக்கி' என்று வந்ததை இன்ஸ்டால் செய்தவர்கள், ஓடிபி-யோடு வங்கிக் கணக்கையும் பறிகொடுத்த செய்திகள் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. இந்த மோசடிக்காரர்கள் ஒரு ஆப் முடக்கப்பட்டால், மறுநாளே வேறு பெயரில் இன்னொன்றோடு வருகிறார்கள். பெயர் முகவரி கொடுக்க வேண்டும் என்றால் அது கடினமாகும் என்பது கூகுளின் வாதம்.

எதிர்ப்பும் உடனே வந்தது. எஃப்-ட்ராய்டு செப்டம்பர் 2025-ல், இந்த விதி அப்படியே வந்தால் தங்கள் திட்டமே முடிந்துவிடும் என்று வெளிப்படையாக எழுதியது. ஏன் அவ்வளவு கடுமை? எஃப்-ட்ராய்டு, மற்றவர்கள் எழுதிய திறமூல ஆப்களின் மூல நிரலை எடுத்து, தானே ஆப்பாகக் கட்டிக் கொடுக்கிறது. எழுதியவர்களில் பலர் தன்னார்வலர்கள். சிலர் புனைபெயரில் இருப்பவர்கள். 'கூகுளிடம் போய் அடையாள அட்டை காட்டுங்கள்' என்று அவர்களை வற்புறுத்த எஃப்-ட்ராய்டால் முடியாது. அவர்களுக்குப் பதிலாகத் தானே எல்லா ஆப்களையும் தன் பெயரில் பதிவுசெய்து உரிமை கொண்டாடவும் முடியாது. டெர்மக்ஸை எஃப்-ட்ராய்டிலிருந்து எடுப்பவர்களைப் பொறுத்தவரை, முட்டுச்சந்து இங்கேதான்.

எதிர்ப்புக்குப் பிறகு, 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆபத்தைப் புரிந்துகொண்டு 'பரவாயில்லை, இன்ஸ்டால் செய்' என்று சொல்லும் அனுபவசாலிகளுக்கு ஒரு தனி வழி தருவோம் என்றது. மோசடிக்காரர் போனில் மிரட்டிக்கொண்டே பட்டனைத் தட்டவைக்கும் சூழலையும் மனதில் வைத்து அது வடிவமைக்கப்படும் என்றும் சொன்னது. மாணவர்களுக்கும், பொழுதுபோக்காக ஆப் செய்பவர்களுக்கும், குறைந்த எண்ணிக்கையிலான போன்களுக்கு மட்டும் கொடுக்கும் வகையில் எளிமையான கணக்கு ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக, 'ஏடிபி' என்ற கருவி மூலம் இன்ஸ்டால் செய்வதற்குத் தடை இல்லை என்பதும் ஆரம்பத்திலிருந்தே அவர்கள் சொல்வது.

மறுபடியும் அதே கம்ப்யூட்டர்! போனே தன்னைத் தானே வைஃபை வழியாக ஏடிபி-யில் இணைத்துக்கொள்ளும் ஒரு வித்தை ஆண்ட்ராய்டு 11 முதல் உண்டு. அதற்கு ஏடிபி கருவி போனிலேயே இருக்க வேண்டும். அதைப் பலரும் எடுப்பது டெர்மக்ஸில் இருந்து. டெர்மக்ஸ் போட டெர்மக்ஸ் வேண்டும் என்ற கதை.

யார் சொல்வது சரி?

மோசடி நிஜம். அதைத் தடுக்க வேண்டியதும் நிஜம். ஆனால் 'யார் செய்தது' என்று தெரிவதும், 'நல்ல ஆப்பா' என்று தெரிவதும் ஒன்றல்ல. இந்தியாவில் கடன் ஆப்கள் ஆடிய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். கான்டாக்ட் லிஸ்ட்டை உருவி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டிய கும்பல்கள். அவற்றில் பல பிளே ஸ்டோரிலேயே கம்பீரமாக இருந்தவை. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 3,500 முதல் 4,000 கடன் ஆப்களை ஆய்வுசெய்து, 2,500-க்கும் மேற்பட்டவற்றை கூகுள் நீக்கியதாக மத்திய நிதி அமைச்சகமே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. காவல்காரர் நிற்கும் வாசல் வழியாகவே வந்த திருடர்கள் இவர்கள்.

மறுபக்கம், டெர்மக்ஸின் மூல நிரல் முழுவதும் பொதுவெளியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அடையாள அட்டையைவிட அது வலுவான சான்று. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கூகுள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏபிகே என்றால் என்னவென்றே தெரியாமல் வரும் எல்லாவற்றையும் தொடும் பெரியவர்களின் போனுக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பேத்தியின் போனுக்கும் ஒரே பூட்டு என்பதுதான் இதில் இடறும் இடம். அந்த 'அனுபவசாலிகள் வழி' எவ்வளவு சுலபமாக, எவ்வளவு நிரந்தரமாக இருக்கும் என்பதில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் ஒரு முறை ஆன் செய்தால் போதும் என்றால் பேத்திக்குப் பிரச்னை இல்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஏழு கதவைத் தட்ட வேண்டும் என்றால், சலித்துப்போய் விட்டுவிடுவாள்.

'டெர்மக்ஸ் ஹேக்கிங்' வீடியோக்கள்... உஷார்!

டெர்மக்ஸுக்கு இந்தியாவில் கெட்ட பெயரும் உண்டு. அதற்குக் காரணம் டெர்மக்ஸ் இல்லை. 'ஒரே கமாண்டில் இன்ஸ்டா ஹேக்', 'ஃப்ரெண்டுக்கு ஆயிரம் எஸ்எம்எஸ் அனுப்பிக் கலாய்க்கலாம்' என்று வரும் வீடியோக்கள். இவற்றில் பாதி வேலையே செய்யாது. மீதியில் பல, நீங்கள் யாரையோ ஹேக் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பாஸ்வேர்டை வேறு எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கும். புரியாத கட்டளையை காப்பி பேஸ்ட் செய்வது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். குறிப்பாக, இணையத்திலிருந்து எதையோ இறக்கி அப்படியே ஓட்டச் சொல்லும் ஒற்றை வரிகள்.

அப்படியே வேலை செய்தாலும் அது குற்றம். அனுமதியின்றி இன்னொருவர் கணக்குக்குள்ளோ கம்ப்யூட்டருக்குள்ளோ நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். 66-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்தினால் 66சி தனி. 'சும்மா விளையாட்டுக்குத்தான் சார்' என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது. ஏமாந்து பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துவிட வேண்டும்.

முயன்று பார்க்க நினைத்தால்...

பிளே ஸ்டோர் பதிப்பை விட்டுவிட்டு, எஃப்-ட்ராய்டு அல்லது கிட்ஹப் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிற்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு டிஜிட்டல் கையெழுத்தோடு வருவதால் ஒன்றின் மேல் இன்னொன்றை இன்ஸ்டால் செய்ய முடியாது. டெர்மக்ஸின் துணை ஆப்களையும் அதே இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை 'பி.கே.ஜி அப்கிரேட்'. அதன் பிறகு 'பி.கே.ஜி இன்ஸ்டால்' என்று அடித்து வேண்டிய கருவியின் பெயரைச் சேர்த்தால் போதும். ஸ்டோரேஜ் அனுமதி கேட்டால், உடனே தலையாட்டாமல், தேவை வரும்போது கொடுக்கலாம். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை ஏதாவது ஸ்கிரிப்ட் கேட்டால், கொடுக்கவே வேண்டாம். அழிக்கும் கட்டளைக்கு முன்னால் 'எல்.எஸ்' அடித்து, நிற்கும் ஃபோல்டரில் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது, பைக் எடுக்கும்போது ஸ்டாண்ட் எடுத்தாச்சா என்று பார்ப்பது மாதிரி. தொடுதிரை கீபோர்டில் நீண்ட கட்டளை அடிப்பது சுகமான வேலை இல்லை. ஒரு சாதாரண ப்ளூடூத் கீபோர்டு இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

தமிழில் எழுத முயன்றால் மட்டும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. டெர்மினல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். நம் 'கொ'வும் 'ணௌ'வும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில்தான் இந்தக் கோளாறு. உள்ளே ஃபைல் சரியாகவே இருக்கும். 'டபிள்யூ.சி' என்ற எண்ணிக்கைக் கருவியிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. கருவியோ ஐந்து குறியீடுகள், 15 பைட் என்று கணக்குச் சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எஸ்எம்எஸ்-இல் தமிழில் அனுப்பினால் ஏன் சீக்கிரமே இரண்டாவது மெசேஜ் ஆகிவிடுகிறது என்று யோசித்திருந்தால், கிட்டத்தட்ட அதே சங்கதிதான். அங்கே கணக்கு வேறு, காரணம் ஒன்றே.

ஏற்கெனவே டெர்மக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை அன்-இன்ஸ்டால் செய்தால், உள்ளே எழுதிவைத்த எல்லாமே சேர்ந்து போய்விடும். பழைய பிளே ஸ்டோர் பதிப்பிலிருந்து மாறுவதாக இருந்தாலும், புது போன் வாங்குவதாக இருந்தாலும், முதலில் உள்ளே எழுதிவைத்த ஃபைல்களை டெர்மக்ஸுக்கு வெளியே பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் நீக்குங்கள்.